மறந்துவிட்டதா, எட்டவில்லையா? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கற்றலில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருவது என் வேலை. என்னிடம் வரும் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையைப் புரட்டினால் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே சாயலில் ஒரு குறிப்பு இருக்கும். ‘கவனக்குறைவு.’ ‘சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.’ ‘திறமை உண்டு, முயற்சி போதாது.’ இதை எழுதியவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் யோசித்து ஒரு வரி எழுதுவதே பெரிய காரியம். ஆனால் அந்த வரி பல சமயம் தப்பான இடத்தைக் கைகாட்டுகிறது. அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது, புரிந்துகொண்டும் இருக்கிறது. தேவைப்பட்ட நொடியில் அதை எடுக்க முடியவில்லை. மறந்துபோவதும் எட்டாமல்போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நடப்பது வேறு வேறு. அந்த வித்தியாசத்தை உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல்.

வகுப்பில் வழக்கமாகக் கேட்கும் ஒரு கட்டளையை எடுத்துக்கொள்வோம். “நோட்டை எடுத்து, புதுப் பக்கத்துல தேதி போட்டு, புத்தகத்துல அம்பத்திரண்டாம் பக்கத்துல மூணாவது கணக்கையும் அஞ்சாவது கணக்கையும் செஞ்சுட்டு, முடிச்சவங்க நோட்டை என் மேசையில வைங்க.” சொல்லி முடிக்கக் கால் நிமிடம்கூட ஆகாது. ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி இதைக் கேட்டதும் என்ன செய்கிறாள் என்று கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். நோட்டை எடுக்கிறாள். புதுப் பக்கம் தேடுகிறாள். இன்று என்ன தேதி என்று பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறாள். 23 என்று எழுதுகிறாள். புத்தகத்தைத் திறக்கிறாள். அங்கே நின்றுவிடுகிறாள். எந்தப் பக்கம்? 32ஆ, 53ஆ, 23ஆ?

அவள் தலையில் எண்களுக்குப் பஞ்சமில்லை. பக்க எண், இரண்டு கணக்கு எண்கள், நடுவில் வந்து சேர்ந்த தேதி, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எது எதற்குரியது என்ற பிணைப்பு மட்டும் அறுந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் “இப்பதானே சொன்னேன்!” என்ற குரல் வந்தால், மிச்சமிருந்ததும் கலைந்துவிடும்.

ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டிய விவரங்களைக் கையோடு வைத்திருக்கும் நினைவை உளவியலில் செயல் நினைவு என்கிறார்கள். வொர்க்கிங் மெமரி என்ற பெயர் உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். அதன் அளவைப் பற்றி ஆசிரியப் பயிற்சியிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், ஒரே சமயத்தில் மனத்தில் நிற்பவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று எழுதியது எல்லோருக்கும் மனப்பாடம். 2001இல் நெல்சன் கோவன் அதைத் திரும்ப அலசி, வாய்க்குள் சொல்லிப் பார்க்கவும் சேர்த்துக் கோத்துக்கொள்ளவும் வழியில்லாதபோது பெரியவர்களுக்கே நாலு அளவில்தான் நிற்கிறது என்றார். பிள்ளைகளுக்கு அதையும்விடக் குறைவு. அதிலும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் எக்கச்சக்கம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் 30 பேர் இருக்கும் வகுப்பில், குறைந்தது மூன்று பேரின் செயல் நினைவு சராசரி நாலு வயதுப் பிள்ளையுடையதைப் போலவும், வேறு மூன்று பேருடையது பதினொரு வயதுப் பிள்ளையுடையதைப் போலவும் இருக்கும் என்று சூசன் கேதர்கோலும் ட்ரேசி அலோவேயும் ஆசிரியர்களுக்காக எழுதிய கையேட்டில் சொல்கிறார்கள். நீங்கள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறீர்கள். அது நாலு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகிவிடுகிறது.

எத்தனை வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வைத்ததை எப்படி எடுக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் பிள்ளைகள் அதிகம் தடுக்கிவிழும் இடம் அதுதான்.

1966இல் சால் ஸ்டெர்ன்பெர்க் செய்த சோதனை எளிமையானது. ஒன்றிலிருந்து ஆறு எண்கள் வரை காட்டுவார். பிறகு ஓர் எண்ணைக் காட்டி, இது அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கேட்பார். தப்பே வராத அளவுக்குச் சுலபமான வேலை. ஆனால் பட்டியலில் ஓர் எண் கூடும் ஒவ்வொரு தடவையும் பதில் வர ஏறத்தாழ 38 மில்லி நொடி கூடியது. ‘இருந்தது’ என்ற பதிலுக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் அதே அளவுதான் கூடியது. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டுபிடித்த பிறகும் கடைசிப் பெயர் வரை படித்துவிட்டு நிமிர்வதுபோல, மனம் பட்டியலை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது என்று அவர் விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளாமல் வேறு விளக்கங்களும் தந்தார்கள். நேரம் கூடுகிறது என்ற செய்தியை யாரும் அசைக்கவில்லை. தலைக்குள் பத்திரமாக இருக்கும் விஷயத்தை எடுப்பதற்கும் நேரம் பிடிக்கும், கூட இருப்பவை பெருகப் பெருக அந்த நேரமும் பெருகும்.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நுணுக்கமானவை. பிரையன் மெக்எல்ரீ, கிளாவுஸ் ஓபராவுவர் போன்றவர்கள் காட்டியது என்னவென்றால், செயல் நினைவில் இருக்கும் மூன்று நான்கு விஷயங்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. கவனத்தின் மையத்தில் இருப்பது அநேகமாக ஒன்றே ஒன்று, கடைசியாகத் தொட்டது. அது உடனே கிடைக்கும். மற்றவை பக்கத்திலேயே இருந்தாலும், ஒவ்வொன்றையும் மையத்துக்குக் கொண்டுவர ஒரு முயற்சி வேண்டியிருக்கிறது. 1998இல் ஹியூ காரவன் ஒரு சோதனை செய்தார். திரையில் இரண்டு வகை உருவங்கள் மாறிமாறி வரும். இரண்டுக்கும் தனித்தனியாக மனத்துக்குள் எண்ணிக்கை வைத்துக்கொண்டு வர வேண்டும். அதே உருவம் திரும்ப வந்தால் எண்ணுவது வேகமாக நடந்தது. மற்ற உருவம் வந்தால் அரை நொடி அளவுக்குக் கூடுதலாகப் பிடித்தது. இரண்டே இரண்டு எண்ணிக்கைகள், அதுவும் பெரியவர்களுக்கு.

இதை 47ஐயும் 38ஐயும் மனக்கணக்காகக் கூட்டும் பையனிடம் பொருத்திப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தை வைத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் ஒன்று. இப்போது நாலையும் மூன்றையும் எடுக்க வேண்டும்; அவை கொஞ்ச நேரமாகத் தொடப்படாமல் கிடக்கின்றன. எடுத்துக் கூட்டினால் ஏழு. மிச்சம் இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால் எட்டு. பிறகு முதலில் வைத்த ஐந்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு அடியிலும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறான். “75” என்று அவன் சொன்னால், அவனுக்குக் கூட்டல் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. அந்த மிச்சம் ஒன்றை எடுக்க முடியாமல் போயிருக்கிறது. அதே கணக்கைத் தாளில் எழுதித் தந்தால் அவனே 85 என்று போட்டுவிடுவான். இரண்டையும் செய்யச் சொல்லிப் பார்க்காமல் ‘கூட்டலில் பலவீனம்’ என்று எழுதிவிடாதீர்கள். கூட்டலை மறுபடியும் முதலிலிருந்து சொல்லித்தருவதில் அவனுக்கு ஒரு பயனும் இல்லை, அவமானம்தான் மிச்சம்.

மறதி பற்றிய ஒரு பழைய சோதனையையும் அதன் பின்கதையையும் சொல்லியாக வேண்டும். 1959இல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் கல்லூரி மாணவர்களிடம் மூன்றே மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 18 நொடிக்குப் பிறகு கேட்டால், பத்தில் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லிப் பார்க்காவிட்டால் நினைவு சில நொடிகளில் கரைந்துவிடும் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஜெஃப்ரி கெப்பலும் பென்டன் அண்டர்வுட்டும் வேறொன்றைக் கவனித்தார்கள்: முதல் தடவை கேட்கும்போது 18 நொடி கழித்தும் ஏறக்குறைய யாரும் மறக்கவில்லை! அடுத்தடுத்த தடவைகளில்தான் மறதி ஏறியது. முன்னால் வந்த எழுத்துகள் இப்போது வேண்டிய எழுத்துகளோடு மோதின. 1963இல் டெலோஸ் விக்கன்ஸும் அவருடைய சகாக்களும் இன்னொரு படி போனார்கள். எழுத்துகளையே கொடுத்துவந்து திடீரென்று எண்களுக்கு மாறினால், விழுந்துகிடந்த நினைவு சட்டென்று நிமிர்ந்தது.

இது உங்கள் கால அட்டவணைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி. ஒரே மாதிரிக் கணக்குகளை வாய்மொழியாக வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், பத்தாவது கணக்கில் தடுமாறும் பிள்ளை களைத்துவிட்டது என்றோ ஆர்வம் போய்விட்டது என்றோ தோன்றும். முந்தைய ஒன்பது கணக்குகளின் எண்கள் அதன் வழியை மறிக்கின்றன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுவில் வேறு வகை வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். மாற்றம் அங்கேயே தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். 1964இல் ரூபன் கான்ராட் எழுத்துகளைக் கண்ணால் பார்க்கவைத்துவிட்டு எழுதச் சொன்னார். தப்பு செய்தவர்கள் உருவத்தில் ஒத்த எழுத்தை அல்ல, உச்சரிப்பில் ஒத்த எழுத்தை மாற்றி எழுதினார்கள். பார்த்ததையும் நாம் ஒலியாக மாற்றித்தான் கையில் வைத்துக்கொள்கிறோம். எவ்வளவு வைத்துக்கொள்ள முடியும் என்பதும் அதைச் சொல்லும் வேகத்தைப் பொறுத்தது; ஏறத்தாழ இரண்டு நொடியில் வாய்க்குள் சொல்லக்கூடியவை மட்டும் தங்கும் என்று பேட்லியும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் காட்டினார்கள். இதில் எனக்கு மறக்கவே முடியாத ஆய்வு ஒன்று உண்டு. வேல்ஸில் வெல்ஷ் மொழியில் சோதிக்கப்பட்ட பிள்ளைகள் எண்களை நினைவில் வைக்கும் சோதனையில் குறைவாக மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1980இல் நிக் எல்லிஸும் ஹென்னலியும் காரணம் கண்டார்கள்: வெல்ஷ் எண்ணுப்பெயர்களைச் சொல்ல ஆங்கில எண்ணுப்பெயர்களைவிட அதிக நேரம் ஆகிறது. அறிவைச் சோதிப்பதாக நினைத்து நாக்கின் வேகத்தைச் சோதித்திருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளின் பெயருக்கு நேராக எத்தனை குறைவான எண்கள் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஏழு வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகள் தாமாக இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொள்வதும் இல்லை. 1966இல் ஜான் ஃப்ளேவலின் குழு பிள்ளைகளின் உதட்டசைவையே கவனித்துக் கணக்கெடுத்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலரே முணுமுணுத்தார்கள். பத்து வயதில் பெரும்பாலோர் அதைச் செய்தார்கள். ஆகவே உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கட்டளையைக் கேட்டதும் உதட்டை அசைத்துக்கொண்டே நோட்டைத் தேடினால், தயவுசெய்து “என்ன பேச்சு அங்க?” என்று அதட்டாதீர்கள். அது பக்கத்துப் பிள்ளையோடு பேசவில்லை. நீங்கள் சொன்னதைத் தவறவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

கட்டளையைச் சொல்லி முடித்த கையோடு “ம்ம், புரிஞ்சுதா, சீக்கிரம் ஆகட்டும்” என்று சேர்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். 1969இல் ராபர்ட் க்ரௌடரும் ஜான் மார்ட்டனும் சோதித்தது இதையொத்த ஒன்றைத்தான். பட்டியல் முடிந்ததும் நினைவில் வைக்க வேண்டாத ஒரே ஒரு சொல்லைக் காதில் போட்டாலே, பட்டியலின் கடைசி உருப்படி அடிபட்டுப்போனது. கேட்பவர் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தெரிந்திருந்தும் அடிபட்டது. சொல்லி முடித்ததும் சில நொடி பேசாமல் இருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எட்டாமல்போனது உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 1966இல் எண்டல் டல்விங்கும் ஸெனா பெர்ல்ஸ்டோனும் வகை வகையாகப் பிரித்த சொற்பட்டியலைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரை வெறுமனே நினைவுகூரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வகையின் பெயரைக் காட்டினார்கள். பெயரைப் பார்த்தவர்கள் கணிசமாக அதிகம் சொன்னார்கள். பெயர் இல்லாமல் திணறியவர்களுக்கும் பின்னர் அதைக் காட்டியபோது கூடுதல் சொற்கள் வந்தன. சொற்கள் போய்விடவில்லை, பிடித்து இழுக்க நுனி கிடைக்கவில்லை. இது நீண்டநேர நினைவைப் பற்றிய ஆய்வு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நாஷ் அன்ஸ்வர்த்தும் ராண்டல் எங்கிளும் 2007இல் முன்வைத்த கருத்து இரண்டையும் இணைக்கிறது: கவனத்தில் அடங்காமல் வெளியே தள்ளப்பட்டதை நாம் குறிப்புகளைப் பிடித்துத் தேடித்தான் திரும்ப எடுக்கிறோம், செயல் நினைவில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தத் தேடலில் இருக்கிறது.

எனவே முதல் வேண்டுகோள். விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் “என்ன சொன்னேன்?” என்று கேட்பதற்குப் பதில் நுனியைக் கொடுங்கள். “பக்கம் அம்பதுகள்ல ஒண்ணு. கணக்கு ரெண்டு சொன்னேன்.” பல பிள்ளைகள் அங்கிருந்து தாமே பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்டால் அது மறந்திருக்கவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நுனி கொடுத்தும் வராவிட்டால் திரும்பச் சொல்லிவிடுங்கள், கோபமில்லாமல்.

எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, வேலை முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். இதைவிடச் சுலபமான உதவி எனக்குத் தெரியாது. “எழுதிப்போட்டா சோம்பேறி ஆயிடுவாங்க” என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பக்க எண்ணைப் பிடித்துவைத்திருப்பது கணக்குப் பாடத்தின் நோக்கமே இல்லை. அந்த வேலையை இறக்கிவைத்தால்தான் கணக்குக்கு இடம் இருக்கும். நீண்ட கட்டளையை இரண்டு இரண்டாக உடைத்துச் சொல்வதும் அப்படித்தான். சொன்னதை வாயால் திருப்பிச் சொல்வதைவிடச் செய்துகாட்டும்போது பிள்ளைகள் கட்டளைகளை நன்றாக நினைவில் வைக்கிறார்கள் என்று 2008இல் கேதர்கோலின் குழு கண்டது. ஆகவே “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு” என்று நிறுத்திவைத்துக் கேட்பது சரியான சோதனையும் அல்ல. வாயில் வராதது கையில் வந்துவிடலாம்.

மதிப்பெண் அட்டையில் எழுதும்போதும் பார்த்ததை அப்படியே எழுதுங்கள். ‘வாய்மொழியாக நான்கு கட்டளை சொன்னால் இரண்டைச் செய்கிறான், பலகையில் எழுதினால் நான்கையும் செய்கிறான்’ என்ற ஒரு வரி, அடுத்த ஆண்டு அவனை எடுக்கும் ஆசிரியருக்குப் போதும்.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். நினைவாற்றலைப் பெருக்குவதாகச் சொல்லி விற்கப்படும் கணினிப் பயிற்சிகளை வாங்கும் முன் யோசியுங்கள். மோனிகா மெல்பி-லெர்வாக்கும் சார்ல்ஸ் ஹ்யூமும் 2013இல் அத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது, பயிற்சி செய்த விளையாட்டில் பிள்ளைகள் தேறினார்கள்; வாசிப்புக்கோ கணக்குக்கோ அது பரவியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஏன் பரவாது என்பதற்கு 1980இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் எழுதிய மாணவனின் கதையே போதும். ஏறத்தாழ 20 மாதப் பயிற்சியில் அவன் 7 எண்களிலிருந்து 79 எண்கள் வரை நினைவில் வைக்கக் கற்றுக்கொண்டான். ஓட்டப்பந்தய வீரன் என்பதால் எண்களையெல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றிக் கோத்து, திரும்ப எடுக்க நுனிகளை வைத்துக்கொண்டான். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறோடு நின்றான். வளர்ந்தது கொள்ளளவு அல்ல, எண்களை எடுக்கும் வழி. அந்த வழியைத் தரக்கூடியது பாட அறிவுதான். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது ஒரே உருப்படி. தெரியாத பிள்ளைக்கு அது ஒரு தனி வேலை. பணமும் நேரமும் அங்கே போகட்டும்.

இரண்டாவது, கடிகாரம் வைத்து நடத்தும் மனக்கணக்குப் போட்டிகள். கணக்கு பயம் செயல் நினைவையே தின்றுவிடுகிறது என்று மார்க் ஆஷ்கிராஃப்ட் 2001இல் எலிசபெத் கிர்க்குடன் சேர்ந்து காட்டினார். நெருக்கடி கொடுத்தால் அதிகம் சரிகிறவர்கள் செயல் நினைவு அதிகம் உள்ளவர்களே என்று 2005இல் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் கண்டார்கள். அதாவது அந்தப் போட்டி நன்றாகச் செய்யக்கூடிய பிள்ளையையும் கீழே தள்ளுகிறது, தடுமாறும் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துகிறது. யாருக்கு என்ன தெரியும் என்பது அதில் தெரிவதில்லை. போட்டியை நிறுத்த மனம் வராவிட்டால், கடிகாரத்தை மட்டுமாவது எடுத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒருமுறை நடத்திப் பாருங்கள். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் வகுப்பில் கண்டதை எனக்கு எழுதினால் நன்றியோடு படிப்பேன். நான் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
கற்றலில் தடுமாறும் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒருவர்